ஐந்தாவது பெயர்

தை கடைசி.
அம்மையப்பன் பள்ளி ஆடுகளத்தில்
பாதிக்கு நெல் காய்கிறது.
கொள்முதல் நிலையத்தில் இடமில்லையென்று
சிமெண்ட் தளத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
மீதிப் பாதியில், ஒற்றை வளையத்தின் கீழ்
பத்துப் பெண்களை ஓடவிட்டுப் பார்க்கிறேன்.
ஞாயிறு மன்னார்குடியில் இறுதியாட்டம்.
நான்கு பெயர் எழுதிவிட்டேன்.

நிலோஃபர் கூத்தாநல்லூர்க்காரி.
மணிக்கட்டை மடக்கி விட்டால்
பலகையைத் தொடாமல் வலைக்குள் இறங்கும்.
ஆட்டத்துக்குப் பதினாறு புள்ளி.
அவள் கைக்குப் பந்து போனாலே
மதில்மேல் பையன்கள் எழுந்து நிற்பார்கள்.
திரும்பி ஓடத்தான் கால் வராது.
போட்ட பந்தின் அழகை
நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள்.
அதற்குள் எதிரணி நம் வளையத்தடியில்.

இலஞ்சியம், கொரடாச்சேரி.
ஆட்டத்துக்கு மூன்று புள்ளி,
அதுவும் யாராவது தள்ளிவிட்டால்.
ஆனால் அவள் எதிரே வந்து நிற்பவளுக்கு
வலப்பக்கம் இருக்காது.
கொஞ்ச நேரத்தில் இடப்பக்கமும் இருக்காது.
பறிப்பதில்லை, இடிப்பதில்லை.
“கண்ணு பொய் சொல்லும் மிஸ்,
இடுப்பு சொல்லாது” என்பாள்.

மதிப்பெண் ஏட்டில்
விழுந்த பந்துக்குக் கட்டம் இருக்கிறது.
எறியப் போய், எறியாமல்
பின்னால் தள்ளிவிட்ட பந்துக்கு எங்கே?
மின்கட்டண அட்டையின் பின்புறம்
மூன்று ஆட்டம் நானே கோடு போட்டேன்.
இலஞ்சியத்தைக் கண்டு கைமாறியவை
நாற்பத்தொன்று.
அதில் எத்தனை விழுந்திருக்கும்?
பாதியா, காலா?
பக்கத்துக் கொட்டகையில்
மூட்டைக்கு ஒரு கிலோ கூடவே வைத்து நிறுக்கிறார்கள்,
ஈரத்துக்காம்.
என் கைப்பிடியை நான்
யார் தட்டில் போடுவது?

தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்:
“ஜனங்க கோல் பார்க்கத்தான் வர்றாங்க டீச்சர்.”
“கோல் இல்ல சார், பாஸ்கெட்” என்றேன்.
அதற்குமேல் எனக்கும் பதில் ஓடவில்லை.

ராத்திரி இப்படி நினைத்துப் பார்த்தேன்:
தலைஞாயிறு பக்கம், கடைமடைக்காரி நான்.
மதகைத் திறந்தால் பூத்தூவுவோம்,
அடைத்தால் சாலையில் உட்காருவோம்.
கரை உடைந்த இரவில்
விடியும்வரை மணல்மூட்டை அடுக்கியவர்கள் பெயரை
எந்தக் கல்வெட்டிலும் பார்த்ததில்லை.
உவமை நன்றாகத்தான் வந்தது.
ஆனால் மன்னார்குடியின் ஒன்பதாம் எண்
வெள்ளமல்ல.
பதினேழு வயதுப் பெண்,
ஆட்டத்துக்கு இருபது போடுகிறாள்.

சனிக்கிழமை எழுதினேன்: இலஞ்சியம்.
நிலோஃபர் பட்டியலைப் பார்த்தாள்.
ஷூ கயிற்றை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள்.
ஏனென்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

முதல் பத்து நிமிஷம்:
நாங்கள் நான்கு, அவர்கள் ஆறு.
“நிலோஃபரை இறக்கு” என்று கத்தினார்கள்.
இறக்கினேன். பதினொன்று போட்டாள்.
கடைசி விசில் ஊதும்போது
முப்பத்தொன்று, முப்பத்துமூன்று.
தோற்றோம்.

ஒன்பதாம் எண் போட்டது ஐந்து.

வேன் கிளம்பும் முன் யாரோ ஆரம்பித்தார்கள்:
“அந்த முதல் பத்து நிமிஷம் மட்டும்…”
என்னுள்ளும் அதே குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.
அப்போது கோப்பையை யாரிடமோ கொடுத்துவிட்டு
ஒன்பதாம் எண் ஓடி வந்தாள்.
என்னைத் தாண்டி, நிலோஃபரைத் தாண்டி
ஒவ்வொரு ஜன்னலாய்த் தேடினாள்.
“உங்க பன்னெண்டாம் நம்பர் எங்க?
அவ பேரு என்ன?”

இலஞ்சியம் தூங்கிப்போயிருந்தாள்,
கம்பியில் நெற்றி வைத்து,
காலுறையில் ஒரு நெல் ஒட்டியபடி.

அவளை எழுப்பாமல்
பெயரைச் சொன்னது நிலோஃபர்.
ஊரையும் சேர்த்து.